பன்றிக் காய்ச்சலும் பொதுச் சுகாதாரமும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, அறிவியல் மன்றம்

பன்றிக் காய்ச்சல் என்று சொன்ன மாத்திரத்தில் நம்மில் பலர் முகத்தைச் சுளிக்கிறோம். பன்றி வளர்க்காத நம் வீட்டுக்கு இது எப்படி வரும் என்று கேட்போர் உண்டு. இறைச்சிக் கடைப் பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்று நிம்மதியாக இருப்போரும் உண்டு. இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றத்துக்கு இந்நோய் ஆய்வுப் பொருளாகக் கொடுக்கப்பட்டது. படிக்கப் படிக்க, அந்தக் கிருமியைக் காட்டிலும், கிருமியைக் கண்ட அரசாங்கங்கள் எடுத்த முடிவுகளே எங்களை அதிகம் சிந்திக்க வைத்தன. ஏனெனில் புதிய நோய் ஒன்று தலைகாட்டும்போது அது ஊரையே வாரிக்கொண்டு போகுமா, பத்து நாளில் அடங்கிவிடுமா என்பது எந்த நிபுணருக்கும் தெரியாது. அது தெரியும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். அதுதான் பொதுச் சுகாதாரத்தின் பெரிய சங்கடம்.

முதலில் பெயர்க் கதையைப் பார்ப்போம். 1918-ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய இன்புளுயன்சாக் காய்ச்சலில் மாண்டவர்கள் சுமார் ஐந்து கோடிப் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பன்றிகளும் மூக்கொழுகி, இருமி, படுத்துக்கொண்டன. மனிதருக்கு வந்ததும் பன்றிக்கு வந்ததும் ஒரே நோய்தான் என்று கோயன் என்ற கால்நடை ஆய்வாளர் துணிந்து கூறினார். பன்றி வியாபாரிகளுக்கு அவர்மேல் கோபம் வந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? பிறகு ரிச்சர்டு ஷோப் என்ற அறிஞர் நோயுற்ற பன்றிகளிடமிருந்து அந்த வைரஸைப் பிரித்தெடுத்து 1931-இல் தம் ஆய்வை வெளியிட்டார். மனிதரின் இன்புளுயன்சா வைரஸ் அதற்குப் பின்னரே, 1933-இல், லண்டனில் பிரித்தெடுக்கப்பட்டது. கீரிப்பிள்ளையை ஒத்த ஃபெரட் என்னும் சிறு விலங்கின் மூக்கில் நோயாளியின் தொண்டை நீரை விட்டு அதைக் கண்டுபிடித்தார்கள். அவ்வகை ஆராய்ச்சி நடந்தபோது ஒரு ஃபெரட் தும்மி, எதிரே நின்ற மருத்துவருக்கே காய்ச்சலைக் கொடுத்துவிட்டதாம்!

1918-இல் பன்றி மனிதனுக்குக் கொடுத்ததா, மனிதன் பன்றிக்குக் கொடுத்தானா? மனிதனே கொடுத்திருக்க வேண்டும் என்பது அறிஞர் பலருடைய கருத்து. பெயர் மட்டும் பன்றியின் தலையில் விழுந்தது.

ஆனாலும் பன்றிக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. இன்புளுயன்சா வைரஸின் மரபுப் பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. அதன் மேற்பரப்பில் எச், என் என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் இரண்டு வகைப் புரதங்கள் முள் முள்ளாக நிற்கின்றன. எச்1என்1 என்ற பெயர் இவற்றைக் கொண்டு வந்ததே. பறவைகளின் வைரஸ் மனிதரின் மூச்சுக்குழாய்ச் செல்களில் எளிதில் ஒட்டாது. பன்றியின் மூச்சுக்குழாயிலோ பறவை வைரஸும் ஒட்டும், மனித வைரஸும் ஒட்டும். இரண்டும் ஒரே செல்லில் புகுந்துவிட்டால் என்ன ஆகும்? ஒருத்தி எட்டுச் சிவப்பு வளையல்களையும் அவள் தோழி எட்டுப் பச்சை வளையல்களையும் கழற்றி ஒரே டப்பாவில் போட்டுவிட்டு விளையாடப் போனதாக வைத்துக்கொள்வோம். (பள்ளியில் வளையல் அணியக்கூடாது என்பது எங்களுக்கு நினைவிருக்கிறது. உதாரணத்துக்காகத்தான் சொல்கிறோம், சகோதரிகளே!) திரும்பி வந்து இருட்டில் அவரவர் எட்டெட்டாக எடுத்து மாட்டிக்கொண்டால், ஐந்து சிவப்பும் மூன்று பச்சையுமாக ஒரு புதுக் கை வரும். அப்படிப் பிறக்கும் புது வைரஸை நம் உடல் முன்பு கண்டதில்லை. ஆகவே அதை எதிர்க்கும் ஆற்றல் நம் இரத்தத்தில் இராது. மருத்துவ உலகம் அஞ்சுவது இதற்கே.

இனி 1976-ஆம் ஆண்டுக்கு வருவோம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஃபோர்ட் டிக்ஸ் என்ற இராணுவப் பயிற்சி முகாம் இருக்கிறது. அவ்வாண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், காய்ச்சலுடன் இருந்த 19 வயதுப் படைவீரர் ஒருவர் படுத்து ஓய்வெடுக்காமல் நீண்ட நடைப் பயிற்சிக்குச் சென்று இறந்துபோனார். அவருடைய தொண்டையில் இருந்தது பன்றி வகை வைரஸ். முகாமில் இரத்தச் சோதனை செய்து பார்த்ததில் சுமார் 230 வீரர்களுக்கு அது தொற்றியிருந்ததாகக் கணக்கிட்டார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியிருக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. 1918-இன் நினைவு எல்லோரையும் உலுக்கியது.

நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநராக இருந்த டேவிட் சென்சர், நாடு முழுவதற்கும் தடுப்பூசி போட வேண்டும் என்று பரிந்துரைத்தார். இன்புளுயன்சாத் தடுப்பூசியைக் கோழி முட்டைகளில் வைரஸை வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். அதற்குப் பல மாதங்கள் ஆகும். குளிர்காலத்துக்குள் ஊசி தயாராக வேண்டுமானால் வசந்த காலத்திலேயே உத்தரவு போட வேண்டும். போலியோத் தடுப்பு மருந்துகளால் புகழ்பெற்ற சால்க், சேபின் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மார்ச் 24 அன்று குடியரசுத் தலைவர் ஃபோர்டு அறிவித்தார்: நாட்டில் உள்ள ஆண், பெண், குழந்தை அனைவருக்கும் ஊசி. பதின்மூன்றரைக் கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

அதன் பிறகு நடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக விபரீதமாயின. ஊசியால் யாருக்காவது தீங்கு நேர்ந்தால் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. ஜூலையில் பிலடெல்பியா நகரில் மாநாட்டுக்கு வந்த முன்னாள் படைவீரர் பலர் திடீரென்று நிமோனியாவால் மாண்டபோது, இதோ பன்றிக் காய்ச்சல் வந்துவிட்டது என்று நாடே பதறியது. அது வேறு நோய். அதன் பாக்டீரியாவை 1977 ஜனவரியில்தான் அடையாளம் கண்டார்கள். ஆயினும் அந்தப் பதற்றத்தில், நஷ்ட ஈட்டுப் பொறுப்பை அரசே ஏற்கும் சட்டம் ஆகஸ்டு மாதம் நிறைவேறியது. அக்டோபர் முதல் தேதி ஊசி போடத் தொடங்கினார்கள். பத்து வாரங்களில் நான்கு கோடிக்கு மேற்பட்டோர் போட்டுக்கொண்டனர். குடியரசுத் தலைவரும் புகைப்படக்காரர்கள் முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார்.

ஆனால் நோய் வரவில்லை. ஃபோர்ட் டிக்ஸ் முகாமின் வேலியைத் தாண்டி அந்த வைரஸ் பரவவே இல்லை. மாறாக, ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குக் கை கால்கள் தளர்ந்துபோகும் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் தென்பட்டது. ஏறக்குறைய லட்சத்தில் ஒருவருக்கு இது கூடுதலாக வந்தது எனப் பின்னர் கணக்கிட்டார்கள். லட்சத்தில் ஒன்று சிறிய எண்தான். கொடிய நோய் வாசலில் நிற்கும்போது அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நோயே இல்லாதபோது அந்த ஒன்றுக்கு யார் பதில் சொல்வது? டிசம்பர் 16 அன்று திட்டம் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சென்சர் பதவி இழந்தார்.

சென்சர் செய்தது சரியா தவறா என்று எங்கள் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் வாதம் நடந்தது. நோய் வந்திருந்தால் அவருக்குச் சிலை வைத்திருப்பார்கள் என்றாள் ஒருத்தி. வராத நோய்க்கு மருந்து கொடுத்து நரம்பு நோயை வாங்கித் தந்தார் என்றாள் இன்னொருத்தி. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றியது. இதைப் பற்றி நியூஸ்டாட், ஃபைன்பெர்க் என்ற இருவர் அரசின் வேண்டுகோளின்படி 1978-இல் எழுதிய அறிக்கை எடுத்துக்காட்டிய ஒரு விஷயம்தான் முடிச்சை அவிழ்த்தது. ஊசி தயாரிப்பது ஒரு முடிவு. அதை மக்களுக்குப் போடுவது வேறொரு முடிவு. இரண்டையும் மார்ச்சு மாதமே ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மருந்தைத் தயாரித்துச் சேமித்து வைத்துக்கொண்டு, நோய் இன்னோர் இடத்தில் தலைகாட்டுகிறதா என்று பார்த்திருக்கலாம். சேபின் அவர்களே சில மாதங்களில் இந்தக் கருத்துக்கு வந்துவிட்டார். ஆனால் புறப்பட்ட தேரை நடு வீதியில் நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. கொள்ளைநோய் வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று நிபுணர்கள் ஆளுக்கொரு மதிப்பு வைத்திருந்தார்கள். அது மக்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவும் இல்லை. நாங்கள் பெரிய குறையாகக் கருதுவது இதைத்தான்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து நோய் உண்மையாகவே வந்தது. 2009 ஏப்ரலில் கலிபோர்னியாவில் இரண்டு குழந்தைகளிடம் புதிய எச்1என்1 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. மெக்சிகோவில் அதற்கு முன்பே பரவத் தொடங்கியிருந்தது. அதன் எட்டுத் துண்டுகளில் ஆறு வட அமெரிக்கப் பன்றிகளின் வைரஸிலிருந்தும் இரண்டு ஐரோப்பா-ஆசியப் பன்றிகளின் வைரஸிலிருந்தும் வந்தவை. வளையல் கலந்த கதைதான். மெக்சிகோ நகரில் ஏப்ரல் 24 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. படைவீரர்கள் தெருவில் நின்று முகக்கவசம் கொடுத்தார்கள். கால்பந்தாட்டங்கள் பார்வையாளர் இல்லாமல் நடந்தன. தலைநகரின் பேராலயத்தில் ஞாயிறு திருப்பலி மக்கள் இன்றிப் பூட்டிய கதவுகளுக்குள் நிறைவேற்றப்பட்டது. 2020-இல் ஊரடங்கைக் கண்ட நமக்கு இவை வியப்பாக இல்லை. அன்றைய உலகுக்கு வியப்பாக இருந்தன.

எகிப்து நாட்டில் நடந்ததுதான் எங்கள் மனத்தை மிகவும் வருத்தியது. அங்கே அப்போது ஒருவருக்குக்கூட இந்த நோய் இல்லை. ஆயினும் பெயரைக் கேட்டே அஞ்சி, நாட்டிலிருந்த ஏறக்குறைய மூன்று லட்சம் பன்றிகளையும் கொல்லுமாறு ஏப்ரல் 29 அன்று அரசு ஆணையிட்டது. உலக சுகாதார நிறுவனம் இதனால் பயனில்லை என்று கூறியும் நிற்கவில்லை. அப்பன்றிகள் யாருடையவை? பெரும்பாலும் கெய்ரோ நகரின் குப்பை பொறுக்கி வாழும் ஜப்பாலீன் மக்களுடையவை. அவர்கள் கோப்டிக் கிறிஸ்தவர்கள், பரம ஏழைகள். வீடு வீடாகக் குப்பை வாங்கி, காகிதம், தகரம், பிளாஸ்டிக் எல்லாம் தனித்தனியாகப் பிரித்து விற்று, மிஞ்சும் சோறு கறியைப் பன்றிக்குப் போட்டு வளர்ப்பது அவர்கள் பிழைப்பு. பன்றி போனது, பிழைப்பில் பாதி போனது. எச்சில் சோற்றை எடுத்துச் செல்ல அவர்களுக்குக் காரணம் இல்லாமல் போகவே, சில மாதங்களில் கெய்ரோவின் தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்து நாறியது. காய்ச்சலோ ஜூன் மாதம் விமானப் பயணி ஒருவரோடு வந்து சேர்ந்தது.

இந்த ஜப்பாலீன் மக்களிடையே 1971 முதல் 1993 வரை குடிசையில் வாழ்ந்து பள்ளியும் மருத்துவ வசதியும் ஏற்படுத்தியவர் சகோதரி எம்மானுவேல் என்ற கன்னியர். 2008 அக்டோபரில், தமது நூறாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருக்கையில், அவர் காலமானார். அம்மக்களுக்கு நேர்ந்த இக்கொடுமையை அவர் காணவில்லை.

ஏப்ரல் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் பன்றிக் காய்ச்சல் என்ற பெயரைக் கைவிட்டு, இன்புளுயன்சா ஏ எச்1என்1 என்று குறிப்பிடத் தொடங்கியது. நன்கு வேகவைத்த இறைச்சியால் இது வராது. நோயுற்றவர் இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளாலும், அத்துளி பட்ட கையைக் கண்ணிலும் மூக்கிலும் வைப்பதாலும் வருகிறது. நார்வே நாட்டுப் பன்றிகளுக்கு 2009-க்கு முன் இன்புளுயன்சா இருந்ததே இல்லை. அவ்வாண்டு அங்கே மனிதரிடமிருந்துதான் பன்றிகளுக்குத் தொற்றியது. பாவம், பெயர் வைக்கும் உரிமை பன்றிக்கு இல்லை.

ஜூன் 11 அன்று அந்நிறுவனம் ஆறாம் கட்டம், அதாவது உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த ஆறு என்ற எண் நோய் எத்தனை நாடுகளில் பரவியது என்பதைக் குறித்ததே தவிர, எவ்வளவு கொடியது என்பதை அன்று. மக்களுக்கு இந்த வேறுபாடு புரியவில்லை. பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடினர். ஆகவே வீண் பீதி கிளப்பினார்கள் என்று பிறகு குறை கூறப்பட்டது. சோதனையில் உறுதியாகி இறந்தோர் 18,000-க்குச் சற்று அதிகம். ஆனால் சோதனை செய்யப்படாமலே இறந்தவர்களையும் சேர்த்து முதல் ஆண்டில் சுமார் 2,84,000 பேர் மாண்டிருக்கலாம் என 2012-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பத்தில் எட்டுப் பேர் 65 வயதுக்கு உட்பட்டவர்கள். வழக்கமான சளிக் காய்ச்சல் முதியோரையே அதிகம் கொல்லும். இது மாறாக நடந்தது. பழைய எச்1என்1 வைரஸ்களைச் சிறு வயதிலேயே கண்டிருந்த பாட்டி தாத்தாக்களில் பலருக்கு எதிர்ப்பாற்றல் ஓரளவு இருந்தது. இளையவர்களுக்கு இல்லை.

நம் நாட்டில் 2009 மே மாதம் வெளிநாட்டிலிருந்து ஐதராபாத் வந்த பயணி ஒருவரிடம் முதன்முதலில் இந்நோய் உறுதியாயிற்று. விமான நிலையங்களில் பயணிகளைச் சோதித்தார்கள். தொற்றியபின் ஒன்று முதல் நான்கு நாள் வரை காய்ச்சல் தெரியாது என்பதால் இந்த வலையில் ஓட்டைகள் இருந்தன. ஆகஸ்டு 3 அன்று புனே நகரில் 14 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி இறந்தாள். இந்தியாவில் இந்நோயால் இறந்த முதல் ஆள் அவளே. முதலில் அது சாதாரணச் சளிக் காய்ச்சல் என்றே எண்ணப்பட்டது. எங்களைவிட ஒரு வயது இளையவள். புத்தகத்தில் இதுவரை எண்களாகப் படித்துவந்த நாங்கள் இவ்வரியில் சற்று நேரம் நின்றோம்.

அதன் பின்னர் புனேயில் பள்ளிகளை மூடினார்கள். அரசு மருத்துவமனைகளின் முன் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். எல்லோரையும் சோதிப்பது இயலாத காரியம். உண்மையில் அந்த வரிசையிலேயே பலருக்குத் தொற்றியிருக்கக்கூடும். ஆகவே மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தது. இன்றும் மருத்துவர்கள் பின்பற்றுவது இதுவே என்பதால், பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம். இலேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருந்தால் 'ஏ' பிரிவு. சோதனையும் வேண்டாம், சிறப்பு மருந்தும் வேண்டாம், வீட்டில் தனித்திருந்தால் போதும், பள்ளிக்கு அனுப்பக்கூடாது. அதிகக் காய்ச்சலும் கடுமையான தொண்டை வலியும் உள்ளவர், அல்லது இலேசான நோயே ஆனாலும் கர்ப்பிணிகள், முதியோர், சிறு குழந்தைகள், நீரிழிவு, இதயம், நுரையீரல் நோயுடையோர் 'பி' பிரிவு. இவர்களுக்குச் சோதனைக்குக் காத்திராமல் மருத்துவர் ஒசெல்டாமிவிர் மாத்திரை கொடுக்கலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், சளியில் இரத்தம், நகம் நீலமாதல், குழந்தை உணவை மறுத்துச் சோர்ந்து கிடத்தல், இவற்றில் எது கண்டாலும் 'சி' பிரிவு. உடனே மருத்துவமனை. சென்னையில் இதற்கான வைரஸ் சோதனை, 1899-இல் தொடங்கிய கிண்டி கிங் நிலையத்தில் நடந்தது.

ஒசெல்டாமிவிர் மாத்திரை முதல் இரண்டு நாட்களுக்குள் கொடுத்தால் நன்கு வேலை செய்யும். அதைத் தயாரிக்க வேண்டிய ஷிகிமிக் அமிலம் எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? நம் அம்மாமார் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து! உடனே, அன்னாசிப்பூக் கஷாயம் குடித்தால் போதும் என்று எண்ணிவிடக்கூடாது. அமிலத்தை மருந்தாக்கப் பல இரசாயனப் படிகள் இருக்கின்றன. பூவில் மருந்து இல்லை, மருந்துக்கான மூலப்பொருள்தான் இருக்கிறது.

2009-இல் இந்தியாவில் 981 பேரும் 2010-இல் 1,763 பேரும் இந்நோயால் இறந்ததாக அரசுக் கணக்கு. நம் நாட்டிலேயே தயாரித்த தடுப்பு மருந்து 2010 நடுப்பகுதியில்தான் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 10 அன்று பெருந்தொற்று முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. 1976-இல் ஊசி வந்தது, நோய் வரவில்லை. இம்முறை நோய் வந்துபோகும் தறுவாயில் ஊசி வந்தது. இதில் எந்தத் தவறு பெரியது என்று எங்களில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. புனே மாணவியை நினைப்பவர்கள் ஒரு பக்கம், கில்லன்-பாரே நோயாளிகளை நினைப்பவர்கள் ஒரு பக்கம்.

1978 அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவரான ஃபைன்பெர்க் அவர்களே, 2009 நடவடிக்கைகளை ஆராய்ந்த பன்னாட்டுக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். முதலில் அவசியமற்ற ஊசியை ஆராய்ந்தவர், பிறகு தாமதமான ஊசியை ஆராய்ந்தார்! கடுமையான பெருந்தொற்று ஒன்று வந்தால் அதைச் சமாளிக்க உலகம் ஆயத்தமாக இல்லை என்று அக்குழு 2011-இல் எழுதியது. ஒன்பது ஆண்டுகளுக்குள் கொரோனா வந்தது.

2009-ஆம் ஆண்டின் வைரஸ் எங்கும் போய்விடவில்லை. சாதாரணப் பருவக் காய்ச்சல் கிருமிகளில் ஒன்றாக அது நம்மிடையே தங்கிவிட்டது. 2015-இல் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 3,000 பேரைக் கொண்டுபோயிற்று. செய்தித்தாள்கள் இன்னும் பழைய பெயரைத்தான் அச்சிடுகின்றன. ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் கூடி, வரப்போகும் பருவத்துக்கான தடுப்பூசியில் எந்தெந்த வைரஸ்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். முட்டைகளில் வளர்த்து ஊசியாக்க ஏறத்தாழ ஆறு மாதம் ஆவதால், எந்த வைரஸ் பரவும் என்று தெரிவதற்கு முன்பே அந்த முடிவை எடுத்துவிடுகிறார்கள்.